நம் வளவும் நாட்டு மரஞ்செடிகளும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டைச் சுற்றியுள்ள வளவை அழகுபடுத்துவது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சென்று சிலர் எண்ணலாம். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்கு இது குடிநீரைப் பற்றிய பேச்சுமாகும்.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் நமக்கில்லை. வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மண்ணினூடே இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. மழைநீர் இறங்குவது குறைந்து, நாம் இறைப்பது கூடினால் உவர் மேலெழும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு நிலத்தில் ஓரங்குல மழை பெய்தால், அங்கே விழும் நீர் ஏறக்குறைய 6,400 லீற்றர். அதை மண் குடித்தால் ஒரு பங்கு நிலத்துக்குச் சேரும். சீமெந்து தடுத்தால் தெருவுக்கு ஓடும்.

போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின் ஊரெங்கும் புதுவீடுகள் எழுந்தன. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், உயிர்வேலி நின்ற இடத்தில் மதிலும், முற்றத்தில் சீமெந்துக்கல்லும், எஞ்சிய இடத்தில் சித்திரை வெயிலிலும் தண்ணீர் கேட்கும் புற்றரையும் வந்துள்ளன. இவைதாமா அழகு?

நம் மண்ணுக்குப் பழகிய மரஞ்செடிகளைக் கொண்டே வளவைச் சிங்காரிக்கலாம். எல்லையிலே பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நடலாம். அவை வேலியுமாகும், ஆட்டுக்குத் தீனும் தோட்டத்துக்குக் குழையும் தரும். முற்றத்திலே நந்தியாவட்டை, பவளமல்லிகை, துளசி ஆகியவற்றை வைத்தால் பூசைக்குப் பூவும் பத்திரமும் வீட்டிலேயே கிடைக்கும். கிணற்றடியில் வழிந்தோடும் நீருக்கு வாழையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் போதும். வெயில் அடிக்கும் மேற்குப் புறத்தில், சுவருக்கும் கிணற்றுக்கும் எட்ட, ஒரு வேம்பு நிற்கட்டும். கோடியிலுள்ள வடலிகளைத் தறிக்காது விடுவோமாக.

வெளியிலிருந்து வந்தவை யாவும் வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. நித்தியகல்யாணி மடகஸ்காரிலிருந்து வந்தது. சீமைக்கிளுவையும், நம் தோட்டப் பயிர்களான மிளகாயும் புகையிலையும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. கோடையில் நம் கிணற்றை வற்றச்செய்யாது, நம் மண்ணோடு ஒத்து வாழுமா என்பதே உரைகல்.

சருகு விழும், குப்பை சேரும், பாம்பு வரும் என்று பெரியோர் சிலர் அஞ்சுவர். வீட்டோரத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்துக்கொண்டு, சருகை மர அடியிலே பரப்பினால் மண் ஈரம் காக்கும். பாதுகாப்புக்கு மதில் வேண்டுவோர் மதிலைக் கட்டட்டும். அதன் உட்புறத்திலே மரம் நடுவதை யார் தடுப்பார்? நடைபாதைக்குக் கல் வேண்டுமாயின் பாதையளவிலே பதிக்கட்டும். முற்றம் முழுவதையும் மூட வேண்டுவதில்லை.

வாலிப நண்பர்களே, புரட்டாதி பிறந்ததும் ஆளுக்கு நான்கு கதியாலேனும் நடுவோம். மாரி மழையிலே அவை வேர்விடும். முதற் கோடையில் மட்டும் சிறிது நீர் ஊற்றினால் போதும். பெரியோர்களே, உங்களிடம் நாம் வேண்டுவன இரண்டு: உங்கள் வேலியிலிருந்து கதியால் வெட்டித் தாருங்கள், எந்த மரத்தை எவ்விடத்தில் நடவேண்டும் என்ற உங்கள் அனுபவ அறிவையும் தாருங்கள். பின்னதை நீங்கள் சொல்லாதுவிட்டால் அதை நாம் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நாம் அருந்தும் நீர் முன்னோர் திறந்து விட்டுச்சென்ற மண்ணினூடே இறங்கிய நீர். நமக்குப் பின் வருவோரும் நன்னீரே அள்ளவேண்டுமாயின், நம் வளவின் மண்ணும் வானத்துக்குத் திறந்திருத்தல் வேண்டும்.