பத்து மீட்டருக்குள் காது படும் பாடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கடலுக்கு அடியில் போடும் குழாய்களைச் சோதிப்பது என் வேலை. "திருக்காட்டுப்பள்ளிக்காரனுக்கு ஏதப்பா கடல்?" என்று காலையிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கடல் இல்லைதான், காவிரியும் குடமுருட்டியும் இருக்கே! படித்துறையில் குதித்து அடிமணலை அள்ளிவரும்போது காதுக்குள் 'விண்'ணென்று தெறிக்குமே, அந்த வலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். புதுச்சேரியிலும் அந்தமானிலும் ஸ்கூபா பழகப் போகிற தம்பிகள் இங்கேயே சிலர் இருக்கிறீர்கள்.

செவிப்பறை கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்கு உட்புறம் காற்று நிரம்பிய சின்ன அறை. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. அதுதான் ஈஸ்டாக்கியன் குழாய். கொட்டாவி விட்டாலோ எச்சில் விழுங்கினாலோ திறக்கும். மற்ற நேரத்தில் மூடியே கிடக்கும்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. அப்படியானால் 3 மீட்டரில், உள்ளே காற்றை நிரப்பாமல் விட்டால், அந்த மெல்லிய சவ்வின் மேல் ஏறக்குறைய 200 கிராம் எடை உட்காருகிறது. ஆழத்தில்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். காதுக்கு அது நேர்மாறு. பாயில் விதியைப் போட்டுப் பாருங்கள்: முதல் 10 மீட்டரில் காற்றின் கனஅளவு பாதியாகிவிடும், அடுத்த 10 மீட்டரில் மூன்றில் ஒன்றாகத்தான் ஆகும். காது அதிகம் அடிபடுவது மேல் தண்ணீரில்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒன்றேகால் மீட்டர் வரை சும்மா இறங்கிவிட்டால், அழுத்தமே அந்தக் குழாயின் வாயை அமுக்கிப் பூட்டிவிடும். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஆகவே வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. தலை நனைந்த உடனே ஒருமுறை, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊத வேண்டும். கால் கீழே இருக்கும்படி இறங்கினால் இன்னும் சுலபம். இந்த முறைக்கு வால்சால்வா என்று பெயர். 1666 முதல் 1723 வரை வாழ்ந்த இத்தாலிய மருத்துவர் அவர். காதிலிருந்து சீழ் வெளியேற்றத்தான் இதைச் சொன்னார், கடலுக்காக அல்ல!

முக்கி முக்கி ஊதாதீர்கள். உட்காதின் சவ்வு கிழிந்தால் கேட்கும் சக்தியே போகலாம். திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். அப்போதும் இல்லையென்றால் கரைக்கு வாங்க. கட்டின பணம் போகட்டும்.

மன்னார் வளைகுடாவில் நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தவர்கள். தூத்துக்குடியில் 1961இல் முத்துக்குளிப்பு நின்றது. கல்லைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று இறங்கிய குளியாளிக்கு, காதைச் சரிசெய்ய அவகாசம் ஏது? சங்கு குளிப்பவர்களும், பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களும் இன்றும் மூழ்குகிறார்கள். அவர்களுக்குப் பிழைப்பு. நமக்கு ஆசைதானே? திரும்பி வருவதில் என்ன வெட்கம்?

சளி இருந்தால் இறங்காதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது சிரமமில்லை. கீழே மருந்தின் வீரியம் தீர்ந்துவிட்டது. ஏறும்போது உள்ளே விரிந்த காற்று வெளியேற வழியில்லை. தலை சுற்றி, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தடுமாறினார். கூட இருந்தவர் கையைப் பிடித்து நிதானமாக ஏற்றிக் கொண்டுவந்தார். அதனால்தான் தனியாக மூழ்கக் கூடாது என்கிறார்கள்.

காதில் பஞ்சோ அடைப்பானோ வைத்துக்கொண்டும் இறங்கக் கூடாது. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிக்கும் காற்றை எந்த வழியாகச் சரிசெய்வீர்கள்? நீச்சல் கண்ணாடியும் ஆகாது. மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடி வேண்டும்.

கரையேறிய பின் அடைப்பு இருந்தால், நம்ம வீட்டு வழக்கப்படி எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிடாதீர்கள். பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே உள்ளே போகும். காது மந்தமாகி, தலையும் சுற்றினால் அன்றைக்கே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

நம் பழைய மாணவர்களில் அந்தத் துறை மருத்துவர் ஒருவர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மற்ற சந்தேகங்களை அவரிடம் கேளுங்கள், சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது.