பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது?



மூட்டையைத் தூக்குகிறவனுக்கு அதற்குள் இருப்பது என்னவென்று தெரிய வேண்டாமா? இதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

மணலியில் நடந்ததைக் கேளுங்கள். 2015இல் தென் கொரியாவிலிருந்து சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் சென்னைக்கு வந்திறங்கியது. உரச் சரக்கு என்று காகிதம் சொன்னது. வெடிமருந்துத் தரம் என்று சொல்லி சுங்க இலாகா பறிமுதல் செய்தது. சரி, பிறகு? மணலி கண்டெய்னர் கிடங்கிலேயே ஐந்து வருஷம் கிடந்தது! கொஞ்சம் வெள்ளத்தில் நாசமாயிற்று. மிச்சம் 697 டன், 37 கண்டெய்னர்களில். 2020 ஆகஸ்டு 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு 2,750 டன் வெடித்து, இருநூறு பேருக்கு மேல் மாண்ட பிறகுதான் அதிகாரிகளுக்கு மணலி ஞாபகம் வந்தது. அந்த மாதமே லாரிகளில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

இந்த உப்பு தானாக எரிவதில்லை. எரிகிற பொருளுக்குப் பிராணவாயு கொடுத்து ஊதிவிடும். எண்ணெய் கலந்தாலோ, அடைபட்ட இடத்தில் சூடு ஏறினாலோ வெடிக்கும். ஆகவே கலவையில் அது எவ்வளவு என்பதே கேள்வி. எடையில் 45 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் வெடிபொருள் என்று 2011இல் மத்திய அரசு கோடு போட்டது. இதற்குப் பெயர்தான் வகைப்படுத்துதல். படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எதன் பக்கத்தில் எதை அடுக்கலாம், யார் காவல் என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பொறுத்தது.

வயல்வேலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் குறையும். ஆனால் மருந்தைச் சாராய பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் முக்கோணம் எங்கே போயிற்று? ஆலையிலும் இதே கதைதான். பெரிய பீப்பாயில் சீட்டு இருக்கும். நம் கைக்கு வருவது வெறும் வாளி.

ஐக்கிய நாடுகள் சபை 2003இல் உலகத்துக்கெல்லாம் ஒரே முறையாகப் படங்களை வெளியிட்டது. சிவப்புக் கட்டத்துக்குள் மண்டையோடு, தீ, அமிலம் அரிக்கும் கை. எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் புரியும். நம் நாட்டிலும், போபாலுக்குப் பின் வந்த 1989ஆம் வருஷத்து விதிகள், அபாய ரசாயனக் கலன் ஒவ்வொன்றிலும் உள்ளிருக்கும் பொருள், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் விலாசம், அதன் குணம், விஷத்தன்மை எல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்கின்றன. தொழிற்சாலைக்கு வெளியே வசிப்பவர்களுக்கும் அபாயம் என்ன, வந்தால் செய்ய வேண்டியது என்ன என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கின்றன.

சொன்னார்களா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்க் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அம்மோனியா ஈரத்தை நாடும் வாயு. அதனால்தான் கண்ணையும் தொண்டையையும் முதலில் பிடிக்கிறது. ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். இந்த இரண்டு வரியைத் தமிழில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்க என்ன செலவாகும்? கேட் மீட்டிங்கில் அதைக் கேட்போம்.