என்.ஜி.சி. 5866: ஓர் எண்ணின் வரலாறு



இன்றைய பேச்சுக்கு என்.ஜி.சி. 5866 என்ற ஒரே ஒரு விண்மீன் மண்டலத்தை எடுத்துக்கொண்டேன். டிராகோ விண்மீன் குழுவில், ஏறத்தாழ 5 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பது அது. ஹபிள் தொலைநோக்கி எடுத்து 2006-இல் வெளியான படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மைசூர்ப் பருப்பு ஒன்றை விளிம்பு நம் பக்கம் இருக்கும்படி விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். நடுவில் புடைப்பு, இரு முனையிலும் கூர்மை. அதே வடிவம்தான். குறுக்கே கரிக்கோலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு, அது தூசி. லென்ஸ் என்பதே லத்தீனில் அந்தப் பருப்பின் பெயர். கண்ணாடிக்கு அது பிறகு வந்தது.

லென்ஸ் வடிவ மண்டலங்களுக்கு எஸ்-0 என்ற குறியை 1936-இல் எட்வின் ஹபிள் தந்தார். தட்டு உண்டு, சுருள் கைகள் இல்லை. புது விண்மீன் பிறக்க வேண்டிய வாயு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஆனால் 5866 நமக்கு விளிம்பை மட்டுமே காட்டுகிறது. முகம் தெரியாத தட்டில் கைகள் இல்லை என்று எப்படிச் சொல்வது? புடைப்பின் அளவு, ஒளியின் வழவழப்பு, தூசிக்கோட்டின் ஒடுக்கம் ஆகியவற்றை வைத்துத்தான். அந்தக் குறி ஓர் அளவீடு அல்ல, தேர்ந்த கண் சொன்ன தீர்ப்பு.

எண்ணுக்கு வருவோம். 1788-இல் இங்கிலாந்தின் ஸ்லௌவில் வில்லியம் ஹெர்ஷல் இதைக் கண்டு, ஒளிமிக்க நெபுலாக்கள் என்ற முதல் வகுப்பில் 215-ஆவதாகப் பதிந்தார். 1888-இல் வானியலாளர் டிரேயர் என்.ஜி.சி. பட்டியலில் 7,840 பொருள்களை வானில் மேற்கிலிருந்து கிழக்காக, வல ஏற்ற வரிசையில் அடுக்கி எண்ணிட்டார். எனவே 5866 என்றதுமே 15 மணி வல ஏற்றத்தை ஒட்டிய இடம் என்று வானியலாருக்குத் தெரிந்துவிடும். யூ.ஜி.சி. பட்டியலில் இது 9723, பி.ஜி.சி.யில் 53933. ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஓர் எண், வாக்காளர் பட்டியலில் ஓர் எண் இருப்பதுபோலத்தான்.

வழக்கு இருப்பது இதற்குப் பலர் சூட்டும் எம் 102 என்ற எண்ணில். 1781-இல் வெளிவந்த, பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியேவின் பட்டியலின் கடைசிப் பகுதியில், அவருடைய நண்பர் பியர் மெஷேன் கண்ட நெபுலா ஒன்று 102-ஆவதாக இடம்பெற்றது. பூட்டீஸின் ஓமிக்ரானுக்கும் டிராகோவின் அயோட்டாவுக்கும் நடுவே என்று குறிப்பு. அந்த இரண்டு விண்மீன்களும் வெகுதூரம் விலகியவை. ஓமிக்ரான் என்பதைத் தீட்டா என்று திருத்திப் படித்தால் குறிப்பு 5866 இருக்கும் பக்கத்துக்கு நம்மைக் கொண்டுசேர்க்கிறது. மெஸ்ஸியே தம் சொந்தப் பிரதியில் கையால் எழுதிய இடமோ, வல ஏற்றத்தில் ஏறத்தாழ 5 பாகை மேற்கே தள்ளி நிற்கிறது. வரைபடக் கட்டத்தை ஒன்று மாற்றி எண்ணியிருப்பார் என்று வாதிடுவோர் உண்டு.

ஆனால் மெஷேனே 1783 மே 6 அன்று பெர்லினிலிருந்த வானியலாளர் பெர்னூலிக்குக் கடிதம் எழுதினார்: 102 என்பது 101-தான், தவறுதலாக இரண்டு முறை பதிவாகிவிட்டது என்று. தாம் கண்டுபிடித்ததாக அச்சேறிய ஒன்றைத் தாமே திரும்பப் பெறுவது சிறிய செயலன்று. இதே மனிதர் பிற்காலத்தில் பார்சலோனாவில் எடுத்த அட்சரேகை அளவு பொருந்தாததை வெளியே சொல்ல முடியாமல், 1804-இல் இறக்கும்வரை மனத்துக்குள் வைத்து வெந்தார். அதை அறிந்தபின் அந்தக் கடிதத்தை நான் இன்னும் மதிக்கிறேன். இன்று பல நூல்கள் 5866-ஐ எம் 102 என்றே அச்சிடுகின்றன. கண்டவர் கைப்பட எழுதியதை ஊகத்தால் தள்ளக் கூடாது என்பதே என் கட்சி. 5866-க்கு அந்த இரவல் எண் தேவையும் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மே மாத நள்ளிரவில் வடக்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்கு வடகிழக்கே தேடுங்கள். ஊர் விளக்கில்லாத இடத்தில் 6 அங்குலத் தொலைநோக்கி போதும். சிறு வெண்கீற்றாகத் தெரியும். கண்டதும் தேதி, நேரம், அருகிலுள்ள விண்மீன் ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதிவையுங்கள். பிழையாக எழுதியது பின்னால் தெரியவந்தால், அடிக்காமல் பக்கத்திலேயே திருத்தம் எழுதுங்கள்.