வீட்டிலேயே குரல் பதிவு: எந்தக் கருவியை வாங்குவது?

(சிதம்பரத்திலும் கடலூரிலும் நடந்த குடும்பச் சந்திப்புகளில் நம் அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே முழுமையாகத் தருகிறோம்.)





வீட்டில் குரல் பதிவு செய்ய எந்தக் கருவியை வாங்கலாம் என்று சில மாதங்களாகப் பல குடும்பங்கள் நம்மிடம் கேட்டு வருகின்றன. கேட்பவர்கள் மூன்று வகை. வீட்டில் நன்னிமா பாடும் தாலாட்டையும் முனாஜாத்தையும் பதிந்து வைக்க விரும்பும் பேரப்பிள்ளைகள் ஒரு வகை. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூலை வாசித்துக் கொடுக்க முன்வரும் சகோதரிகளும், வீட்டிலிருந்தபடியே இணைய வழியில் டியூஷன் எடுப்பவர்களும் இரண்டாவது வகை. அத்தா காலத்து பயான் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்கள் மூன்றாவது வகை.

இவர்களில் சிலர் கடையில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, கடன் கிடைக்குமா என்றும் விசாரித்தார்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகப் பேசிவிடுவது நல்லது என்று முடிவு செய்தோம். சுருக்கமாகச் சொன்னால், ஒரு குரலைப் பதிய ஒரு மைக் போதும். ஒரு மைக்குக்கு ஒரு மைக் வழி உள்ள சிறிய கருவி போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக்கும் ஸ்டாண்டும் வாங்குங்கள்.

கருவியைப் பற்றிப் பேசுமுன், இந்த வேலை நமக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் நம் பரங்கிப்பேட்டையைப் பாருங்கள். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியபோது முதலில் ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவருக்குப் பின் கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். நூலுக்குள்ளேயே புலவர் அவரைப் பெயர் சொல்லிப் போற்றியிருக்கிறார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியம் இன்றும் அச்சில் கிடைக்கிறது. ஆனால் அதை எந்த ராகத்தில் இழுத்து ஓதினார்கள், எங்கே நிறுத்திப் பொருள் சொன்னார்கள் என்பதெல்லாம் அச்சில் இல்லை. அது ஓதியவர்களின் தொண்டையில் இருந்தது. கிஸ்ஸா, நாமா, பெண்கள் கூடிப் பாடும் பாட்டு, தாலாட்டு எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்கள் 2015 ஏப்ரலில் மறைந்தார்கள். அவர்களின் குரல் இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் ஒலிக்கிறது என்றால், அது பதிவாகியிருப்பதால்தான். நம் வீட்டுப் பெரியவர்களின் குரலை எந்தக் கம்பெனியும் வந்து பதியாது. பதிந்திருந்த கொஞ்சமும் நம் கடற்கரையில் நிலைப்பதில்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 பெருமழை என்று ஒவ்வொரு முறையும் டிரங்குப் பெட்டிகளில் இருந்த கேசட்டுகள் நனைந்தன. நனையாதவை உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன.

சரி, இந்த யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது என்ன? கையடக்கமான ஒரு பெட்டி. மைக்கிலிருந்து வரும் மின்சைகை மிகவும் சிறியது. பெட்டி முதலில் அதைப் பெருக்குகிறது. பிறகு கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றி யூ.எஸ்.பி. கம்பி வழியாக அனுப்புகிறது. திரும்பி வரும் ஒலியை ஹெட்ஃபோனுக்குத் தருகிறது. வீட்டு உபயோகத்துக்கான பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி மின்சாரம் தேவையில்லை, கணினியின் யூ.எஸ்.பி. வழியே வரும் 5 வோல்ட்டே போதும்.

கடைக்குப் போகுமுன் நாம் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு.

முதல் கேள்வி: ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பதியப் போகிறோம்? ஒருவர் என்றால் ஒரு மைக் வழி போதும். பெஹ்ரிங்கர் யூ.எம்.2, அதே நிறுவனத்தின் யூ.எம்.சி.22 ஆகியவை இந்த வகை. பெரும்பாலும் ஐந்தாறு ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். விலை மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும் நாளில் இரண்டு கடைகளிலாவது விசாரியுங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவும் ஒரு மைக் பெட்டிதான். மைக் ஒலியைச் சுத்தமாகப் பெருக்கும்; விலை ஏறக்குறைய இரு மடங்கு அல்லது அதற்கு மேல். ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் பதில் சொல்லும் பேட்டி என்றால் மட்டும், யூ.எம்.சி.202 எச்.டி. போல இரண்டு மைக் வழி உள்ளதை யோசிக்கலாம்.

இரண்டாவது கேள்வி: என்ன மைக்? மைக்குகளில் டைனமிக், கண்டென்சர் என இரண்டு வகை. கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும். பெட்டியில் அதற்கான சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை.

மூன்றாவது கேள்வி: கேசட்டையும் ஏற்றப் போகிறோமா? கவனியுங்கள். ஒரு மைக் பெட்டிகளில் இரண்டாவது துளை பெரும்பாலும் கிதார் போன்ற வாத்தியத்துக்கானது. இரண்டு துளைகள் இருப்பதை மட்டும் பார்த்து, ஸ்டீரியோ கேசட்டையும் ஏற்றிவிடலாம் என்று நம்ப வேண்டாம். ஒரே குரல் பேசும் பயான் என்றால் ஒரு பக்க ஒலி மட்டும் போதும். டேப் ரிக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து தகுந்த கம்பி போட்டு முதல் வழியிலேயே ஏற்றலாம். இசையோடு கூடிய கேசட்டுகள் நிறைய இருந்தால் இரண்டு லைன் வழிகள் உள்ள பெட்டி வேண்டும். கேசட் மட்டுமே வேலை என்றால், மைக் வழியே இல்லாத பெஹ்ரிங்கர் யூ.சி.ஏ.222 போன்ற சிறு கருவி இன்னும் மலிவு. பூசணம் படிந்த கேசட்டை மட்டும் அப்படியே ஓடவிடாதீர்கள். நாடாவும் கெடும், டேப்பின் ஹெட்டும் அழுக்காகும்.

நான்காவது கேள்வி: எதில் இணைக்கப் போகிறோம்? பல வீடுகளில் லேப்டாப் இல்லை, செல்போன்தான் இருக்கிறது. தனி டிரைவர் மென்பொருள் கேட்காத பெட்டிகள் பல செல்போன்களிலும் ஓ.டி.ஜி. கம்பியோடு வேலை செய்யும். ஆனால் எல்லா போனும் தேவையான மின்சாரத்தைத் தருவதில்லை. உங்கள் போனைக் கடைக்கே எடுத்துப்போய், இணைத்துப் பேசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெட்டியின் அட்டையில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய எண்கள் போட்டிருப்பார்கள். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஆடியோ சி.டி.யே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். பேச்சுக்கும் பாட்டுக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். 24 பிட் இருந்தால் ஒரு வசதி உண்டு: குறைந்த அளவில் பதிந்துவிட்டுப் பிறகு உயர்த்தினாலும் ஒலி கெடாது. 16 பிட் பெட்டியில் அளவைச் சற்றுக் கவனமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒற்றைக் குரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 350 எம்.பி. இடம் பிடிக்கும். 32 ஜி.பி. பென் டிரைவில் ஏறக்குறைய தொண்ணூறு மணி நேரம் அடங்கும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் அதே ஒரு மணி நேரத்துக்கு 2 ஜி.பி.க்கு மேல் போய்விடும். காதுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

பதிவின் தரத்தைப் பெட்டியைவிட அதிகமாகத் தீர்மானிப்பது மைக்கும் அறையும்தான். நம் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், மேலே ஃபேன், வெளியே பஸ் ஹாரன். கண்டென்சர் மைக் மெல்லிய குரலையும் அழகாக எடுக்கும். கூடவே ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாவற்றையும் எடுத்துவிடும். டைனமிக் மைக் அருகில் இருப்பவரின் குரலையே பெரிதும் எடுக்கும். ஆனால் அதை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் பெட்டியின் பெருக்கத்தை முழுவதும் கூட்ட வேண்டிவரும். மலிவான பெட்டியில் அப்போது "உஸ்" என்ற இரைச்சல் கேட்கும்.

ஆகவே சத்தமுள்ள தெருவில் வீடு, பாடநூல் வாசிப்பு, டியூஷன் என்றால் டைனமிக் மைக். தளர்ந்த குரலில் பாடும் மூதாட்டிக்கு முகத்தருகே மைக்கை நீட்டினால் கூச்சம் வரும். அவருக்குக் கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைத்து, அமைதியான நேரத்தில் பதியலாம். ஃபஜ்ருக்குப் பிந்திய நேரம் இதற்கு ஏற்றது. மெத்தை, துணி அலமாரி உள்ள உள்ளறையைத் தேர்ந்தெடுங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள், எதிர்ச் சுவரில் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். பெரியவர்களுக்குப் புழுங்கும்; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். லேப்டாப் சார்ஜரால் "உம்" என்ற ஓசை வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதியுங்கள்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் கணினியில் பதிவுக்குப் போதும். பதியுமுன் அவரை உரத்த குரலில் பாடச் சொல்லி, அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்குமாறு பெட்டியின் திருகைச் சரி செய்யுங்கள். சிவப்புக்குப் போய் உடைந்த ஒலியை முழுமையாகச் சரி செய்ய வழியில்லை.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். நிறையப் பொத்தான்களோடு, கைத்தட்டலும் சிரிப்பும் எழுப்பும் மிக மலிவான "லைவ் சவுண்ட் கார்டு"கள் கேளிக்கைக்கானவை; பாதுகாத்து வைக்கும் பதிவுக்கு உதவாது. பழைய பெட்டி வாங்கினால் மூன்றைச் சோதியுங்கள்: திருகைச் சுழற்றும்போது கரகரப்பு வருகிறதா, யூ.எஸ்.பி. துளை ஆடுகிறதா, 48 வோல்ட் சுவிட்ச் போட்டால் கண்டென்சர் மைக் உயிர்பெறுகிறதா. புதியது என்றால் பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். உபயோகித்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கடற்காற்று இணைப்புத் துளைகளை அரித்துவிடும்.

இதற்காக வட்டிக்கோ தவணை வட்டிக்கோ யாரும் போக வேண்டாம். நம் குழு இரண்டு தொகுப்புகள் வாங்க முடிவு செய்திருக்கிறது. ஒன்று கடலூரிலும் ஒன்று சிதம்பரத்திலும் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மைக் பெட்டி, ஒரு டைனமிக் மைக், ஸ்டாண்ட், ஹெட்ஃபோன், கம்பிகள் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் இலவசமாக. வயதிலும் உடல்நிலையிலும் தளர்ந்தவர்கள் உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை. தொடர்ந்து டியூஷனோ வாசிப்போ செய்கிறவர்கள் மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும். அவர்களுக்குக் கர்ளே ஹஸனா பரிசீலிக்கப்படும்.

பாடநூல் வாசிக்கும் சகோதரிகள் சட்டச் சிக்கல் வருமோ என்று கேட்டார்கள். 2012இல் திருத்தப்பட்ட நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் படிப்புக்காக லாப நோக்கமின்றி நூல்களை அவர்கள் அணுகத்தக்க வடிவில் மாற்றித் தர அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆகவே தயங்காமல் வாசியுங்கள். அந்த மாணவருக்கு மட்டும் கொடுங்கள், பொதுவில் பரப்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பதிவு யாருடையதோ அவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். குடும்பத்துக்கு மட்டுமா, வெளியாரும் கேட்கலாமா என்பதை அவரே சொல்லட்டும். நன்னிமா நம்மை நம்பிப் பாடியதை வாட்ஸ்அப் குழுவில் போடுவது அமானிதத்துக்கு மாறு. பதிவின் தொடக்கத்தில் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிரதிகள் இரண்டு எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள்; ஒன்றாவது வெள்ளம் எட்டாத மேல்மாடியிலோ வெளியூர் உறவினர் வீட்டிலோ இருக்கட்டும்.

தொகுப்பு உங்கள் முறைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கையில் உள்ள செல்போனை ஒரு தலையணைமேல் வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, இந்த வாரமே ஒரு பாட்டைப் பதிந்துவிடுங்கள். நல்ல கருவி பிறகு வரலாம். தொண்ணூறு வயதுக் குரல் அதுவரை காத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு உடல்நலத்தையும், அவர்கள் தருவதைப் பேணிக் காக்கும் பொறுப்புணர்வை நமக்கும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.