ஒரு வளவில் இரு குடித்தனம்

கணினியின் உறுப்புகளை ஆண்டு நடத்தும் மென்பொருளே பணிசெயல் முறைமை எனப்படுவது. அவற்றுள் பெருவழக்கானது விண்டோஸ். லினக்ஸோ, பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவினின்று வளர்ந்தது. எவரும் விலையின்றிப் பெறக்கூடியது.

விண்டோஸ் 10 பதிப்புக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகைமை பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. ஆகவே, பழகியதைக் கைவிட மனமின்றியும் புதியதைக் கற்கும் ஆவலோடும், இரண்டையும் ஒரே கணினியில் அமைப்போர் உளர். இரண்டும் ஒருங்கே இயங்குவதில்லை. கணினியை முடுக்கியதும் ஒரு பட்டியல் தோன்றும். வேண்டியதை அதில் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு வளவை இருவர் ஆள்வதாயின் முதலில் எல்லை போடவேண்டும். வன்தட்டுக்கும் அதுவே விதி. ஆனால், அதற்கும் முந்திய கடமை ஒன்றுண்டு. பிள்ளைகளின் படங்கள், கணக்குகள், கடிதங்கள் யாவற்றையும் வேறொரு தட்டில் பிரதி செய்து வைத்தல் வேண்டும். பிட்லொக்கர் என்னும் பூட்டு இடப்பட்டிருப்பின், அதன் மீட்புத் திறவுகோலையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர், விண்டோஸிலுள்ள தட்டு முகாமைக் கருவியினாலேயே அதன் பகுதியைச் சுருக்கி, வெற்றிடம் உண்டாக்குதல் நன்று. லினக்ஸை நிறுவும்போது, 'தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்னும் தெரிவும் திரையில் தோன்றும். அதனை அழுத்தியவர்க்கு விண்டோஸும் இல்லை, கோப்புகளும் இல்லை.

எல்லை போட்ட பின்னரும் அவதானம் தேவை. விரைவுத் தொடக்கம் என்னும் வசதி விண்டோஸை முற்றாக மூடாது, அரைத்துயிலில் விடுகின்றது. அந்நிலையில் லினக்ஸ் அதன் பகுதியில் எழுதினால் கோப்புகள் பழுதுறக்கூடும். எனவே அவ்வசதியை நிறுத்திவிடுதல் வேண்டும்.

கடிகாரத்திலும் ஒரு பிணக்குண்டு. கணினியின் உட்கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் கொள்ளும். ஆதலின், லினக்ஸைப் பயன்படுத்திய பின் விண்டோஸுக்கு மீள்பவர், இலங்கையில், கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கியிருக்கக் காண்பார். இது பழுதன்று; ஒன்றன் வழக்கத்தை மற்றது ஏற்குமாறு அமைத்தால் தீரும்.

கடிகாரத்தைத் திருத்திவிடலாம், அழிந்த படத்தை மீட்பது அரிது. ஆகையால், பிரதி எடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தை வீணென்று எவரும் எண்ணற்க.