ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்கள்
(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். குழந்தைகளின் பல்லைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான், நான் செய்த தப்பு.

மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் பேரன் சாயங்காலம் முழுக்க என் பொறுப்பு. தினமும் கடைக்குக் கூட்டிப் போய் மிட்டாய் வாங்கிக் கொடுத்தது நான்தான். கரும்பு விளைகிற ஊர், இனிப்பு என்ன செய்துவிடும் என்று நினைப்பு. அவனுக்கு ஏழு வயது நடக்கும்போது, கீழ்வரிசையில் கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு குழி தெரிந்தது. மருமகள் "டாக்டர்கிட்ட காட்டலாமா மாமா?" என்று கேட்டாள். "பால் பல்தானேம்மா, விழுந்து முளைக்கும்" என்றேன். அந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அதுதான் வினையாகப் போனது.

சில மாதம் கழித்து ஒரு ராத்திரி கன்னம் வீங்கி, பிள்ளை விடிய விடிய அழுதான். காலையில் பஸ் ஏறி, சேலத்தில் குழந்தைகளுக்கான பல் மருத்துவரிடம் போனோம்.

அந்த அம்மா முதலில் வாயைத் திறக்கவே சொல்லவில்லை. காற்றடிக்கும் கருவியைப் பையனின் விரலில் அடித்துக் காட்டினார். சின்னக் கண்ணாடியை அவன் கையில் கொடுத்தார். அப்புறம்தான் "பல்லை எண்ணலாமா?" என்றார். பி.டி.எஸ். முடித்து, மேலும் மூன்று வருஷம் எம்.டி.எஸ். குழந்தைகள் பல்லுக்கென்றே படிக்கிறார்கள். பயந்த பிள்ளையைப் பழக்குவதும் அந்தப் படிப்பில் ஒரு பாகமாம். ஊசி போட்டுடுவாங்க என்று நாம் வீட்டில் மிரட்டி வைக்கிறோமே, அதையும் சேர்த்து அவர்கள் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, இது பால் பல் இல்லை."

பால் பற்கள் மொத்தம் 20. நடுவிலிருந்து பக்கத்துக்கு ஐந்து. ஆறு வயதுவாக்கில் அவற்றுக்குப் பின்னால் ஆறாவதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். ஏழு வயதில் அதன் வேர்கூட முழுதாக வளர்ந்திருக்காது. சொத்தை நரம்புக்குப் போய்விட்டதால் பல தடவை சேலம் அலைந்தோம். பல்லைக் காப்பாற்றினார்கள், ஆனால் இனி அது உறை போட்ட பல்தான். முளைத்ததும் வந்திருந்தால் மேலே உள்ள பள்ளங்களை 'சீலன்ட்' பூசி அடைத்திருக்கலாம், ஊசியே தேவைப்பட்டிருக்காது என்றார்.

பால் பல்லையும் அலட்சியம் செய்யக் கூடாது. பாலின் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று, வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன. சீக்கிரம் போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும்.

முதல் பல் முளைத்ததும், தாமதமானால் முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்கிறார்கள். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் மூன்று வயது வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு போதும். டிவி விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிடக் கூடாது. விளையாடும்போது நிலைப்பல் வேரோடு விழுந்தால், வேரைத் தொடாமல், தேய்க்காமல், பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணி, ஒரு மணிக்குள் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு அதிகம்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மருத்துவக் குழு பரிசோதிக்கிறது. பல் சொத்தையும் அவர்கள் பட்டியலில் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைக்கும் அது பொருந்தும். பீஸ் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறோமே, நம் பிள்ளைகளுக்கு நாம்தான் பார்க்க வேண்டும்.

இன்று ராத்திரி செல்போன் டார்ச்சை அடித்து, நடுவிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஆறாவது பல் வந்திருந்தால் இந்த மாதமே கூட்டிப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், இரண்டாவது மாடியில்தான் இருக்கிறேன். சேலம் பஸ் எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.