வீட்டுத் திரையில் போரும் உளவும்: பெற்றோரும் இளையோரும் சேர்ந்து பார்க்கத்தக்க தொடர்கள்

(பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலுக்கான உரையின் எழுத்து வடிவம்)



1979ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் மேற்கு யேர்மனியின் தொலைக்காட்சியில் நான்கு பகுதிகளாக ஓர் அமெரிக்கத் தொடர் ஒளிபரப்பாயிற்று. 'ஹோலோகோஸ்ட்' என்பது அதன் பெயர். பெர்லினில் வாழ்ந்த வைஸ் என்னும் யூத மருத்துவரின் குடும்பம் நாசி ஆட்சியில் சிதறடிக்கப்பட்டு அழிவதும், வேலையின்றி இருந்த டோர்ஃப் என்னும் சட்டத்தரணி படிப்படியாகக் கொலைத்தொழிலின் அதிகாரியாக மாறுவதும் அதன் கதை. இரு குடும்பங்களும் கற்பனையே. அத்தொடருக்கு முன்னோடியாகக் காட்டப்பட்ட ஆவணப்படத்தை மக்கள் பார்க்காதவாறு தடுக்கத் தீவிர வலதுசாரிகள் ஒளிபரப்புக் கோபுரங்களில் குண்டு வைத்தனர். ஆயினும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தொடரைப் பார்த்தனர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வரலாற்று அறிஞர்கள் கலையகத்தில் அமர்ந்து நேயர்களின் கேள்விகளுக்கு விடையளித்தனர். ஆயிரக்கணக்கான தொலைபேசி அழைப்புகள் வந்து குவிந்தன. முப்பது ஆண்டுகளாக வீடுகளில் பேசப்படாதிருந்த ஒரு பொருள் உணவு மேசைக்கு வந்தது.

அவ்வாண்டு முடிவுடன் நாசிக் கால கொலைகளுக்கு வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறை முடிவடைய இருந்தது. யூலை மாதத்தில் மேற்கு யேர்மனிய நாடாளுமன்றம் கொலைக்குற்றத்துக்கான காலவரையறையையே நீக்கிற்று. அது குறித்த வாதம் முன்பே நடைபெற்று வந்ததுதான். எனினும் அவ்வாதத்துக்குப் பொதுமக்களின் செவியைத் திறந்துவிட்டதில் இத்தொடருக்குப் பெரும் பங்கு உண்டு எனலாம். இதே தொடரை, அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலி வீசல் கடுமையாகக் கண்டித்தார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. சொல்லொணாத் துயரத்தை அது மலினப்படுத்திவிட்டது என்பது அவர் கருத்து. கலை என்ற வகையில் அவர் கூறியதில் உண்மை இருந்தது. ஆயினும் அந்த மலினமான தொடர் செய்து முடித்ததை நூல்கள் பல செய்து முடிக்கவில்லை.

இன்று புலம்பெயர் தமிழ் இல்லங்களில் மாலை வேளைகளில் நடப்பது யாது? கூடத்தில் பெற்றோர் குடும்பத் தொடர் பார்க்கின்றனர். மாடியறையில் பிள்ளை மடிக்கணினியில் துப்பறியும் தொடரையோ உளவுத் தொடரையோ போர்த் தொடரையோ பார்க்கிறது. போரைப் பற்றிப் பிள்ளை அறிந்துகொள்வது அந்த அறையிலேதான். போருக்குள் வாழ்ந்து வந்த தாயும் தந்தையும் அடுத்த தளத்திலே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்பதற்குப் பிள்ளைக்குத் தயக்கம், சொல்வதற்கு அவர்களுக்குத் தயக்கம். சேர்ந்து பார்ப்பது இந்தத் தயக்கத்தைத் தளர்த்தும். எதைப் பார்ப்பது, எவ்வாறு பார்ப்பது என்பவையே இவ்வுரையின் பொருள்.

போர்த் தொடர்களில் இளையோர் பெரிதும் அறிந்தது, 2001இல் வெளிவந்த 'பான்ட் ஒஃப் பிரதர்ஸ்' ஆகும். ஸ்பீல்பேர்க்கும் ரொம் ஹாங்ஸும் தயாரித்த பத்துப் பகுதிகள். அமெரிக்க வான்குடைப் படையின் ஒரே ஓர் அணி நோர்மண்டியில் இறங்கி யேர்மனியின் உட்பகுதி வரை செல்வதை அது காட்டுகிறது. பகுதிகளின் தொடக்கத்தில் அவ்வணியைச் சேர்ந்த முதியவர்கள் சிலர் பேசுகின்றனர். அவர்களுடைய பெயர்கள் கடைசிப் பகுதியின் முடிவிலேதான் தெரியவருகின்றன. பெயரற்றவராக இருந்த முதியவர், தொடரில் கண்ட இளைஞரே என்று அறியும் அந்தக் கணம் எந்தச் சண்டைக் காட்சியையும் விட ஆழமானது. ஒன்பதாம் பகுதியில் வதைமுகாம் ஒன்றைப் படையினர் காண்கின்றனர். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அப்பகுதியைத் தனியே பார்க்க விடலாகாது.

இத்தொடரில் ஒரு பிழையும் உண்டு. அது கற்பிக்கத்தக்க பிழை. அல்பேர்ட் பிளைத் என்னும் படைவீரர் தம் காயத்திலிருந்து மீளாமல் 1948இல் இறந்தார் என்று மூன்றாம் பகுதியின் முடிவில் எழுத்திலேயே காட்டப்படுகிறது. உண்மையில் அவர் குணமடைந்து தொடர்ந்து படையில் பணிபுரிந்து 1967இலேதான் இறந்தார். தோழர்கள் அவர் இறந்துவிட்டதாகவே நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கை நூலுக்கும் பின்னர் திரைக்கும் சென்றுவிட்டது. உடன் நின்று போரிட்டவர்களின் நினைவே இவ்வாறு தவறுமாயின், திரையில் வரும் ஏனைய "உண்மைச் சம்பவங்களை" எவ்வளவு கவனத்துடன் ஏற்க வேண்டும் என்பதை இளையோர் எண்ணிப் பார்க்கலாம்.

வரலாற்றையே நேராகக் காண விரும்புவோர்க்கு 1973–74இல் பிரித்தானியாவின் தேம்ஸ் தொலைக்காட்சி வெளியிட்ட 'தி வேர்ல்ட் அட் வோர்' என்னும் ஆவணத் தொடருக்கு நிகரானது இன்றளவும் அரிது. இருபத்தாறு பகுதிகள், லோரன்ஸ் ஒலிவியேயின் குரல். 1944 யூனில் நாசிப் படையினர் ஒரே நாளில் 600க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றழித்த ஒராதூர் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தின் இடிபாடுகளிலிருந்து முதற் பகுதி தொடங்குகிறது. அன்று போரை நடத்தியவர்களும் அதில் அடிபட்டவர்களும் உயிருடன் இருந்தனர். இருசாராரையும் கமெராவின் முன் அமர்த்திப் பேச வைத்தமையே அதன் தனிச்சிறப்பு. இன்று எவ்வளவு பணம் கொட்டினாலும் அதனை மீண்டும் எடுக்க இயலாது.

பெற்றோர்களே, போர்த் தொடர்களைப் பார்க்கும்போது கேட்கத்தக்க முதற் கேள்வி, இங்கு யார் காட்டப்படவில்லை என்பதாகும். இதற்குத் தமிழர்க்கு மிக நெருக்கமான சான்று சயாம்–பர்மா தொடருந்துப் பாதை. யப்பானியப் படை 1942–43இல் ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளத்துக்குக் காடும் மலையும் குடைந்து அதனை அமைத்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பட்டு, 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அவர்களினும் மும்மடங்குக்கு மேற்பட்ட ஆசியத் தொழிலாளர் அங்கே இருந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பல்லாயிரவர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் அவர்கள் மாண்ட தொகை போர்க்கைதிகளின் தொகையைப் பன்மடங்கு விஞ்சியது. கைதிகளுக்குத் தம் படையின் மருத்துவரும் பெயர்ப் பதிவேடும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கு இரண்டுமில்லை.

1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்னும் புகழ்பெற்ற திரைப்படம் இப்பாதையைப் பற்றியதே. அது படமாக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையில். ஆனாலும் மாண்ட தமிழனின் கதை அதில் இல்லை. ரிச்சர்ட் ஃபிளனகனின் புக்கர் பரிசு பெற்ற நாவலைத் தழுவி 2025இல் வெளியான அவுஸ்திரேலியத் தொடரான 'தி நரோ ரோட் டு த டீப் நோர்த்' ஐந்து பகுதிகளில் அதே பாதைக்கு மீண்டும் செல்கிறது. போர் முடிந்த பின்னும் மனிதனுள் முடியாதிருப்பதைக் காட்டும் செறிவான தொடர் அது, பெரியவர்களுக்கே உரியது. அதன் நாயகர் அவுஸ்திரேலியக் கைதிகள். அதனைக் குறையென்று கொள்வதில் நியாயமில்லை. தம் தந்தையரின் கதையை அவர்கள் சொல்கின்றனர். மலேசியாவில் உறவினர் உள்ள குடும்பங்கள், பாதைக்குச் சென்று திரும்பாத பெரியப்பாவைப் பற்றியோ பாட்டனாரைப் பற்றியோ இன்றே கேட்டுக் குறித்து வைக்கலாம். அக்கதையைத் தொடராக எடுக்கும் கரங்கள் இந்த இளையோரிடையே இருக்கக்கூடும்.

துப்பறியும் தொடர்களைப் பொறுத்தவரை, முழுக் குடும்பமும் கூச்சமின்றிப் பார்க்கத்தக்கது 'ஃபோயில்ஸ் வோர்'. 2002 தொடக்கம் 2015 வரை ஐ.ரி.வி. ஒளிபரப்பியது. 1940இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் ஒரு காவல்துறை அதிகாரி கொலைகளை விசாரிக்கிறார். நாடே போரில் இருக்கையில் ஒரு கொலைக்கு ஏன் இத்தனை அக்கறை என்று பிறர் கேட்க, அவர் குரலை உயர்த்தாமல் தம் கடமையைச் செய்துகொண்டே இருப்பார். முதற் கதையிலேயே யேர்மனியில் பிறந்தவர்களைத் தடுத்து வைத்த நடவடிக்கை பேசப்படுகிறது. செல்வாக்குள்ளவர் தப்ப, எளியவர் பிடிபடுகின்றனர். உண்மையில் அவ்வாண்டு பிரித்தானியா ஏறத்தாழ 27,000 பேரைத் தடுத்து வைத்தது. அவர்களுட் பலர் கிற்லரிடமிருந்து தப்பி வந்த யூத அகதிகள். அகதி விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தவர்கள் வாழும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

உளவுத் தொடர்களுள் குறிப்பிடத்தக்கது, 1979 செப்ரெம்பரில் பி.பி.சி. ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய 'ரிங்கர் ரெயிலர் சோல்ஜர் ஸ்பை'. துப்பாக்கி வெடிப்பது அரிது. கோப்புகளைப் புரட்டுவதும் மௌனமாக மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுமே அலெக் கின்னஸின் வேலை. உளவுத்துறையின் உச்சியிலேயே ஒரு சோவியத் கையாள் இருக்கிறான் என்பது கதை. 1963இல் மொஸ்கோவுக்குத் தப்பியோடிய கிம் ஃபில்பியின் நிழல் அதில் விழுந்திருப்பதை எவரும் காணலாம். தொடர் முடிந்து சில வாரங்களில், நவம்பர் 15 அன்று, அரச குடும்பத்தின் ஓவியத் தொகுப்புக்குப் பொறுப்பாக இருந்த அந்தோனி பிளண்ட் முன்னாள் சோவியத் உளவாளி என்று பிரதமர் தட்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இக்கால இளையோர்க்கு இத்தொடர் மெதுவாகத் தோன்றும். முதலிரு பகுதிகளைப் பொறுத்துக் கொண்டால் பின்னர் அதுவே இழுத்துச் செல்லும்.

இதற்கு நேரெதிரானது '24'. 2001இல் தொடங்கிய அத்தொடரில் நாயகன் சித்திரவதை செய்வான், உடனே உண்மை வெளிவரும், நகரம் காப்பாற்றப்படும். 2006 நவம்பரில் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியின் பீடாதிபதியான பிரிகேடியர் ஜெனரல் ஒருவரே நேரிற் சென்று, இவ்வாறு காட்டுவதை நிறுத்துமாறு தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். சித்திரவதை தவறென்றும் பயனற்றதென்றும் வகுப்பில் கற்பித்தாலும், தொடரைப் பார்த்த மாணவப் படையினர் அதனை ஏற்கத் தயங்கினர் என்பதே அவருடைய கவலை. சித்திரவதைக்குள்ளாகி வந்தவர்கள் வாழும் சமூகத்தில் இத்தகைய காட்சியைப் பொழுதுபோக்காகக் கொள்வது எவ்வாறு? பிள்ளைகள் இதைத் தெரிந்து செய்வதில்லை. வீட்டில் எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தமிழரே உளவுத் தொடரின் பாத்திரங்களாக வந்ததும் உண்டு. 2021 யூனில் அமேசான் வெளியிட்ட 'தி ஃபமிலி மான்' தொடரின் இரண்டாம் பருவத்தில் ஈழத்தமிழ்ப் போராளியாகச் சமந்தா நடித்தார். வெளியீட்டுக்கு முன்னரே எதிர்ப்பு எழுந்து, தடை கோரித் தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. தொடர் வெளிவந்தது. இத்தகைய மனத்தாங்கல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 2013இல் யேர்மனியின் இசட்.டி.எஃப். ஒளிபரப்பிய மூன்று பகுதிப் போர்த் தொடர் போலந்தின் விடுதலைப் படையினரை யூத வெறுப்பாளராகக் காட்டியதென்று போலந்து மக்கள் கொதித்தனர். 2018இல் கிராக்கோவ் நீதிமன்றம் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தடை கேட்பதைவிட, போலந்து மக்களைப் போல் இன்ன காட்சி இன்ன காரணத்தால் பொய் என்று ஆதாரத்துடன் எடுத்துக் காட்டுவதே வலிமையான வழி. அதற்குப் பார்த்திருக்க வேண்டும். படித்தும் இருக்க வேண்டும்.

துப்பாக்கியே இல்லாத குற்றத் தொடர் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 சனவரி முதல் வாரத்தில் ஐ.ரி.வி. நான்கு இரவுகள் ஒளிபரப்பிய 'மிஸ்டர் பேற்ஸ் எதிர் தி போஸ்ற் ஒபீஸ்'. பழுதான கணினி முறைமை காட்டிய போலிப் பற்றாக்குறைக்காக 1999 முதல் 2015 வரை பிரித்தானியாவில் 900க்கும் மேற்பட்ட உப அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்கள் திருட்டு, மோசடி எனக் குற்றத்தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறை சென்றனர். அவர்களுள் கடையுடன் அஞ்சல் நிலையமும் நடத்திய தெற்காசியக் குடும்பத்தினர் பலர். ஆண்டுக்கணக்காகச் செய்தித்தாள்கள் எழுதியும் அசையாத விடயம், தொடர் வெளிவந்த ஐந்தே மாதத்தில், மே 24 அன்று, தீர்ப்புகளை நீக்கும் சட்டமாயிற்று. தொடர் ஒரு நாளில் இதைச் சாதிக்கவில்லை. இருபது ஆண்டுகள் கடிதமும் கோப்பும் சேர்த்து வைத்த சாதாரண மனிதர்களின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது.

இனி வீட்டு நடைமுறை. உறையில் அச்சிட்டுள்ள வயதுக் குறியீட்டைப் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பகுதி போதும். ஒரே இரவில் ஐந்து பகுதிகள் பார்த்தால் பேச நேரமிராது. வெடியோசை கேட்டுத் தாய்க்கோ தந்தைக்கோ நெஞ்சு படபடக்குமாயின் நிறுத்திவிடலாம். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, காரணத்தைப் பிள்ளைக்குச் சொன்னால் அது புரிந்துகொள்ளும். வேற்றுமொழித் தொடர்களாயின் பிள்ளை தமிழில் சுருக்கிச் சொல்லட்டும். பாட்டியும் கூட இருந்து பார்ப்பார். இணையச் சேவைகளில் இன்றிருக்கும் தொடர் நாளை இராது; பழைய தொடர்களின் வட்டுகளைப் பொது நூலகங்கள் பலவற்றில் இரவல் பெறலாம். முதன்முதலாகத் தொடங்கும் குடும்பங்கள் 'ஃபோயில்ஸ் வோர்' தொடரின் முதற் கதையிலிருந்து தொடங்குவது நன்று. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும், ஆதலால் ஞாயிறு மதிய உணவின் பின் வைத்துக்கொள்ளலாம்.